காயாத துணி

கிருஷ்ணகிரி டோல்கேட்டுல வண்டிங்க வரிசை கட்டி நிக்கும்போதுதான் கனகமாலா அதைக் கவனிச்சா. துணி காயலை.

காலையில மலை இறங்கறதுக்கு முன்னாடியே கார் பின்சீட்டு கைப்பிடியில கட்டிவிட்ட துணி அது. ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணி, ரெட்டையா மடிச்சி ஓரம் தச்சது, தண்ணி வடிகட்டறதுக்குன்னே அவ அம்மா வீட்டுல இருந்து வந்தது. இப்ப மணி பன்னண்டரை. மே மாச வெயிலு. ஏசி வேலை செய்யலைன்னு நாலு கண்ணாடியும் இறக்கி விட்டுக்கினு வந்ததுல, அடிச்ச அனல் காத்துக்கு அவ தலைமயிரு வைக்கோலாட்டம் ஆயிடுச்சி, பொண்ணு தர்ஷினிக்கு கன்னம் ரெண்டும் செவந்து போச்சி, முன்னாடி ஒட்டி வச்ச தீர்த்தங்கரர் படத்துக்குப் போட்ட பூவு தொட்டா நொறுங்குது. துணி மட்டும் இப்பதான் முக்கி எடுத்த மாதிரி தொங்குது. ஓரத்துல ஒரு சொட்டு திரண்டுச்சி. நின்னுச்சி. கால்மிதி மேல விழுந்துச்சி. டப்.

"ஏங்க, துணி இன்னும் ஈரமாவே இருக்குதுங்க."

"ஆமா, அது ஒண்ணுதான் இப்ப கொறச்சல்," ன்னான் ஆதீஷ், ஸ்டியரிங்கைத் தட்டிக்கினே. "மூணு நாளு லீவு போட்டு, அவ்ளோ தூரம் வண்டி ஓட்டி, ஒரு புலி வாலைக் கூட பாக்கல. மயிலைக் காட்டறான் மயிலை. நம்ம ஓரிக்கையில நெல்லு காயப்போட்டா தெனம் பத்து மயிலு வந்து மேயுது. அதைப் பாக்க நான் சத்தியமங்கலம் போவணுமா?"

கனகமாலா பார்வையைத் துணி மேலயே வச்சிக்கினா. வாயைத் திறந்தா சண்டைதான். நேத்து சாயங்காலத்துல இருந்து அந்தச் சண்டை பாதியிலயே நின்னுக்கினு இருக்குது.

நடந்தது இதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி தர்ஷினிக்கு டெங்கு வந்து, அஞ்சு வயசுப் புள்ள, கட்டில்ல கிழிஞ்ச துணியாட்டம் கெடந்துச்சி. அப்போ கனகமாலா வேண்டிக்கினா. புள்ள எழுந்துட்டா, என் கையால மொண்டு என் கையால வடிகட்டுன தண்ணியத் தவிர வேற தண்ணி குடிக்க மாட்டேன்னு. புள்ள எழுந்துச்சி. இவளும் விரதத்தை விடலை. வடிகட்டறதோட அது முடிஞ்சிடாது. துணியில தங்கற சின்ன உசுருங்களை, துணியைத் திருப்பிப் புடிச்சி வடிச்ச தண்ணியையே ஊத்தி, எந்தத் தண்ணியில எடுத்தோமோ அதே தண்ணியில விட்டுறணும். வேற தண்ணியில விடக்கூடாது, தரையில உதறக்கூடாது. அதுங்க வீடு அது. நாம எடுத்தோம், நாமதான் கொண்டுபோய் விடணும். ஆதீஷும் அதே சமண நயினார் வீட்டுப் புள்ளதான், ஆனா வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மேனேஜர் ஆன நாள்ல இருந்து அவனுக்கு கேன் வாட்டரு, கூலிங் வாட்டரு.

ஊர்ல இருந்து ரெண்டு கேன் நிறைய வடிச்ச தண்ணி கொண்டுக்கினு போனா. நேத்து காலையில எழுந்து பாத்தா, ஒரு கேன் தண்ணியை ஊத்தி ஆதீஷு கார் கண்ணாடியில இருந்த காக்கா எச்சத்தைக் கழுவிக்கினு இருக்கான். இன்னொரு கேனு ஏற்கெனவே காலி.

"தண்ணிதானேடி!"

அவ்ளோதான் சொன்னான்.

மத்தியானம் ஜீப்புல காட்டுக்குள்ள போவும்போது அவளுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு இருந்துச்சி. தர்ஷினியும் "நானும் அம்மா தண்ணிதான் குடிப்பேன்"னு அடம். ஜீப்பு ஓட்டுன குமாரவேலுதான் வழிகாட்டியும், அந்த மலையில பொறந்து வளந்தவன். ரெண்டு மணி நேரம் சுத்தியும் காஞ்ச மூங்கிலு, காஞ்ச புல்லு, எங்கயோ ஓடற ஒரு மானு முதுகு. அப்பால ரேடியேட்டர் கொதிச்சி ஜீப்பு நின்னுச்சி. ஒரு குட்டைகிட்ட.

"அஞ்சு நிமிசங்க. ஜீப்ப விட்டுப் பத்தடி தாண்டாதீங்க," ன்னுட்டு குமாரவேலு தகர டப்பாவை எடுத்துக்கினு எறங்கினான்.

குட்டை பெரிசு ஒண்ணும் இல்ல. நாலு மாட்டு வண்டி நிக்கலாம். சுத்தி சேறு முழுக்க குளம்பு தடம், கால் தடம், ஒண்ணு மேல ஒண்ணு. கனகமாலா சொம்பு வாயில துணியைக் கட்டி, மொண்டு ஊத்தினா. பச்சைத் தண்ணி மேல நின்னு, கண்ணாடியாட்டம் கீழ எறங்குச்சி. முதல் மொடக்கு தர்ஷினிக்குக் குடுத்தா. "ஜில்லுன்னு இருக்குதுமா!" ன்னு அது கண்ணை மூடிக்கினு சிரிச்சுது. ரெண்டாவது இவ குடிக்கப் போனா. அதுக்குள்ள எங்கயோ மரத்து மேல ஒரு குரங்கு கத்துச்சி. இருமற மாதிரி ஒரு கத்தலு. உடனே காடே வாயை மூடிக்கினுச்சி. பூச்சி சத்தம்கூட நின்னுபோச்சி.

"ஏறுங்க. ஏறுங்கம்மா. சீக்கிரம்!"

ஆதீஷு அவ கையைப் புடிச்சி இழுத்தான். சொம்பு சேத்துல கவுந்துச்சி. துணி இவ கையில.

"விடுங்க, துணியில இருக்கறதை விட்டுட்டு வர்றேன், அதுங்க தண்ணிக்குள்ள போவணும்!"

"துணியில இன்னா இருக்குது? கொசுப்புழு! ஏறுடி!"

ஜீப்பை கொஞ்சம் தள்ளி நிறுத்தி அரை மணி நேரம் காத்துக்கினு இருந்தாங்க. குமாரவேலு குசுகுசுன்னு சொன்னான். "தண்ணிக்கு ஒரு வரிசை இருக்குதுங்க. மொதல்ல மயிலு. அப்பறம் மானு. அப்பறம் பன்னி, காட்டெருமை. அப்பறம் யானை. எல்லாம் குடிச்சிட்டுப் போனப்பறம் கடைசியா அவரு வருவாரு." புலின்னு அவன் சொல்லவே இல்ல. அவருன்னுதான் சொன்னான்.

ஒண்ணும் வரலை. மயிலு கூட வரலை. கனகமாலா மட்டும் பாத்தா, குட்டையில தண்ணி ஒரு விரக்கடை கீழ போயிருந்த மாதிரி, ஓரத்துல புதுசா ஈரச் சேறு வளையம். சொன்னா யாரு கேக்கறா? "திரும்ப விட்டுட்டு வந்துருவோம்"னு நேத்து ராத்திரி சொன்னா, இன்னிக்குக் காலையில சொன்னா. "காட்டு கேட்டை மூடிட்டான், மில்லுல லாரி நிக்குது, வீட்டுக் கிணத்துல அலசிக்கோ"ன்னு ஒரே பதிலு.

டப். இன்னொரு சொட்டு.

"அம்மா, தண்ணி," ன்னுச்சி தர்ஷினி. கிருஷ்ணகிரியில இருந்து ஓரிக்கை வர வரைக்கும் அது அதையே சொல்லிக்கினு வந்துச்சி.

*

திங்கக்கிழமை மொட்டை மாடியில காயப்போட்டா. சிமெண்ட் தரை காலு வெச்சா கொப்புளிக்குது. பக்கத்துல போட்ட போர்வை ஒரு மணி நேரத்துல முறுமுறுன்னு ஆயிடுச்சி. துணி காயலை. கீழ சொட்டுன எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அந்த வெயில்லயும். குனிஞ்சி மோந்து பாத்தா, பச்சைத் தழை, சாணி, மிருக மயிரு நனைஞ்ச வாசனை. ஜீப்புல போவும்போது வந்த அதே வாசனை.

ஆதீஷுகிட்ட மறுபடி ஆரம்பிச்சா. "ஒரே ஒரு நாளுங்க. காலையில போய்ட்டு ராத்திரிக்குள்ள வந்துறலாம். நீங்க வரலைன்னா நான் பஸ்ஸுல போறேன்."

அவன் தட்டைத் தள்ளினான். எழுந்தான். மாடிக்குப் போனான். கொடியில இருந்து துணியை உருவிக்கினு வந்து, பின்பக்கம் கிணத்தடிக்குப் போயி, அவ "வேணாங்க வேணாங்க"ன்னு ஓடி வர்றதுக்குள்ள, ரெண்டு கையாலயும் முறுக்கிப் புழிஞ்சான். துணியையும் உள்ள போட்டான்.

"விட்டாச்சி. தண்ணியில விட்டாச்சி. போதுமா? இனிமே துணி துணின்ன, அவ்ளோதான்."

புழிஞ்சப்போ எவ்ளோ தண்ணி வந்துச்சின்னு அவன் பாக்கலை. கனகமாலா பாத்தா. ஒரு முழத் துணியில இருந்து, குடம் குடமா கவுத்த மாதிரி, நிக்காம ஊத்துச்சி. விழற சத்தம் வர ரொம்ப நேரம் ஆச்சி.

அது உறைக் கிணறு. பாலாத்து ஓரத்து மண்ணுக்கு சிமெண்ட் உறையா ஒண்ணு மேல ஒண்ணு இறக்கி இருப்பாங்க. மே மாசம்னா மேல இருந்து பதினெட்டு உறை காஞ்சி தெரியும், அதுக்குக் கீழதான் தண்ணி மினுக்கும். அன்னிக்கு சாயங்காலம் பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சி, பாத்திரம் கழுவ வந்தவ எட்டிப் பாத்தா. எண்ணினா. பதினேழு.

*

செவ்வாக்கிழமை காலையில பக்கத்து வீட்டு மரியம்மாள் மதில் மேல இருந்து எட்டிப் பாத்தா. தையல் மெஷின் வச்சிக்கினு இருக்கற பொம்பள, ஊரு வம்பெல்லாம் அவ மெஷின் வழியாதான் போவும்.

"இன்னாக்கா, மயிலு கத்துது உங்க வீட்டுப் பின்னாடி? காது கிழியுது. பாத்தா ஒண்ணையும் காணோம்!"

"எங்களுக்கும் கேட்டுச்சி," ன்னா கனகமாலா. கேட்டுச்சிதான். கிணத்தடியில. கையெட்டற தூரத்துல.

மத்தியானம் கிணத்தடிச் சிமெண்டு தரையைக் கழுவி விட்டுட்டு, காஃபி போட உள்ள போயி வந்தா. கழுவுன தரையில ஈரத் தடம். சின்னச் சின்னதா, ரெண்டா பொளந்த குளம்பு. மதில் பக்கத்துல இருந்து வரலை, கேட்டு பக்கத்துல இருந்தும் வரலை. கிணத்தோரத்துத் தொட்டியைச் சுத்தி மட்டும் இருந்துச்சி. தண்ணித் தொட்டியில நாலு விரக்கடை கொறைஞ்சி இருந்துச்சி. அவ பாத்துக்கினு இருக்கும்போதே, நடுவுல இல்லாம ஓரமா ஒரு வளையம் விரிஞ்சிது. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. வரிசையா. சின்னதா ஒரு உறிஞ்சற சத்தம்.

வரிசையோட கடைசியில தர்ஷினி.

எப்ப வந்துச்சோ. முட்டி போட்டு, கை ரெண்டையும் தரையில ஊனி, மூஞ்சைத் தொட்டியில வெச்சி குடிச்சிக்கினு இருந்துச்சி.

"தர்ஷினி! டம்ளர் இல்ல? இன்னா பழக்கம் இது?"

அது சட்டுன்னு தலையைத் தூக்கிச்சி. தாடையில இருந்து தண்ணி சொட்டுது. கண்ணு அவளைப் பாக்கலை. அவளைத் தாண்டிப் பாத்துச்சி, மதிலைப் பாத்துச்சி, கேட்டைப் பாத்துச்சி. அப்பால மறுபடி குனிஞ்சிது.

கிணத்தை எட்டிப் பாத்தா. பன்னண்டு உறை.

"ஏங்க, கிணத்துல தண்ணி ஏறுதுங்க. மழை இல்ல, ஆத்துல தண்ணி இல்ல. ஆறு உறை ஏறி இருக்குது!"

"ஏறுனா நல்லதுதானே? எல்லாரும் தண்ணி இல்லன்னு அழுவறான், நீ தண்ணி ஏறுதுன்னு அழுவற," ன்னான் ஆதீஷு, சட்டையைக் கழட்டிக்கினே. "புள்ளைக்கு வெயில் காலம், தாகம் எடுக்கத்தான் எடுக்கும்."

"ஞாயித்துக்கிழமையாவது போலாம்ங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' இன்னான்னு அவளுக்குத் தெரியும். பதிமூணு வருஷமா அந்த வார்த்தையோட குடித்தனம் பண்றா.

*

புதன்கிழமை தர்ஷினி சோத்தைத் தொடலை. தயிரு சாதம் பிசைஞ்சி ஊட்டப் போனா மூஞ்சைத் திருப்பிக்கினுச்சி. அப்பால பாத்தா செம்பருத்திச் செடிகிட்ட நின்னு, கையை உபயோகிக்காம, வாயாலயே தழையைப் புடிச்சி இழுத்துக்கினு இருக்குது. மெல்லுது. ஒரே பக்கமா. பேர் சொல்லிக் கூப்பிட்டா காது பக்கத்துல தோலு துடிக்குது.

பத்து மணிக்கு பன்னி வாசனை வந்துச்சி. பதினோரு மணிக்கு, கிணத்தடியில புஸ்ஸுன்னு பெருமூச்சு. மாடு விடற மூச்சில்ல, அதைவிடப் பெரிசு. துணி காயப்போடற கொடி, எதுவோ முதுகை ஒரசற மாதிரி தூக்கிக் குடுத்து, கிளிப்புங்க ஒண்ணொண்ணா தெறிச்சி விழுந்துச்சி. பட். பட். பட். தெருவுல எப்பவும் படுத்துக்கினு இருக்கற நாயிங்க மூணும் வாலை ஒடுக்கிக்கினு, எங்கயோ தூரத்துல நின்னு ஊளை விட்டுச்சிங்க.

மயிலு. மானு. பன்னி, காட்டெருமை.

கனகமாலா குமாரவேலு சொன்ன வரிசைப்படி மூணு விரலை மடக்கினா. மீதி இருந்தது ரெண்டு வெரலு.

குமாரவேலு நம்பரு ஆதீஷு போன்ல இல்ல, இவ எழுதி வச்சிக்கினு இருந்தா. மூணு தடவை அடிச்சி நாலாவதுல எடுத்தான்.

"தம்பி, நான் காஞ்சிபுரத்துல இருந்து கனகமாலா பேசறேன்பா. போன வாரம் ஜீப்புல, ரேடியேட்டர் கொதிச்சிதே..."

"ஆ, சொல்லுங்கம்மா. நல்லாருக்கீங்களா? பாப்பா நல்லாருக்குதுங்களா?"

"தம்பி, அந்தக் குட்டையில தண்ணி எடுத்தேன் இல்ல? அதுல கொஞ்சம் திரும்ப விடணும்பா. நான் வர்றதுக்கு ஆவலை. பாட்டில்ல ஊத்தி பஸ்ஸுல குடுத்து அனுப்பினா, நீ வாங்கிக்கினு போயி அந்தக் குட்டையில ஊத்திட முடியுமா? இன்னா செலவானாலும் நான் தர்றேன்."

குமாரவேலு வெளிய எங்கயோ நின்னு பேசறான். போன்ல காத்துச் சத்தம்.

"எந்தக் குட்டையிலீங்கம்மா ஊத்தறது? நீங்க போன அன்னிக்கு சாயங்காலமே அது வத்திப் போச்சுங்க. கோடையிலயும் வத்தாத குட்டைங்க அது, எங்கப்பாரு காலத்துலயும் வத்தினதில்ல. இப்ப வெறும் வெடிப்புத்தானுங்க. சுத்து வட்டாரத்துல ஒரு மிருகம் கண்ணுல படல. எல்லாம் தண்ணி தேடி எங்கியோ போயிருச்சுங்க."

போனைக் காதுல இருந்து எடுக்க அவளுக்கு மறந்துபோச்சி. பின்பக்கம் பாத்தா. கிணத்துல ஏழு உறைதான் தெரிஞ்சிது.

கொண்டுபோய் விடறதுக்கு அங்க வீடு இல்ல. வீடு இங்க வந்துடுச்சி.

அன்னிக்கு ஆதீஷு வந்ததும் அவ கத்தினா. பதிமூணு வருஷத்துல கத்தாத கத்தலு. குட்டை வத்திப்போச்சின்னா, கிணறு ஏறுதுன்னா, புள்ளையப் பாருங்க கண்ணைப் பாருங்கன்னா. அவன் பாத்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் மூஞ்சியில எதுவோ வந்து போச்சி. தர்ஷினி மூலையில நின்னுக்கினே தூங்கிக்கினு இருந்துச்சி.

"சூடு புடிச்சிருக்குது," ன்னான். "நாளைக்கு லோடு போவுது. நாளன்னிக்கு டாக்டர்கிட்ட காட்டலாம்."

*

வியாழக்கிழமை காலையில அவன் பைக்கு போனதும், கனகமாலா பையில ரெண்டு துணி அடைச்சா. அம்மா வீட்டுக்குப் போயிடலாம். புள்ளையைத் தண்ணிகிட்ட இருந்து தூரமா கொண்டுபோனா போதும்.

தர்ஷினி வரலை. கையைப் புடிச்சா உதறுது. தூக்கினா, எட்டு வயசுப் புள்ள, ரெண்டு காலாலயும் உதைச்சிது பாருங்க, அவ விலாவுல கன்னிப்போச்சி. தெருமுனை தாண்டறதுக்குள்ள திமிறிக்கினு கீழ குதிச்சி, நேரா வீட்டுக்குள்ள ஓடி, கிணத்தடியில போயி நின்னுச்சி. மூச்சு வாங்கலை. மரியம்மாளைத் துணைக்குக் கூப்பிடலாம்னு போனா, அவ வீடு பூட்டி இருந்துச்சி. ஆதீஷுக்கு அடிச்சா. பதினாறு தடவை. எடுக்கலை. பதினேழாவதுல எடுத்தான்.

"சாயங்காலம் சீக்கிரம் வர்றேன். போதுமா? வைடி."

மத்தியானம் ரெண்டு மணிக்கு அலமாரியில இருந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் லேசா நடுங்குச்சி. லாரி போவுதுன்னு நெனைச்சா. லாரி போயிடும். இது போவலை. காதுல கேக்கலை அது, நெஞ்சுக் கூட்டுல கேட்டுச்சி, கோயில் பெரிய மணி ஓஞ்ச பிறகு வர்ற அதிர்வு மாதிரி. ஜன்னல் வழியா பாத்தா, ஐந்நூறு லிட்டரு டிரம்மு. மூடியில்லாத நீல டிரம்மு. அதுல இருந்த தண்ணி, அவ கண்ணெதிரவே, ஒரே இழுப்புல பாதியாச்சி. இன்னொரு இழுப்பு. காலி. அப்பால மேல இருந்து எங்கயோ தூவானமா தண்ணி தெளிச்சிது. வெயில்ல அது மின்னிச்சி. அதுக்கு நடுவுல தர்ஷினி நின்னுக்கினு இருந்துச்சி, நனைஞ்சிக்கினு, சிரிக்காம.

யானை.

ஒரு வெரலுதான் மீதி.

அவ கதவைத் தாப்பாப் போட்டா. திறந்தா. புள்ள வெளிய இருக்குதே. போயி பக்கத்துல உக்காந்தா. எழுந்தா. புள்ளையைக் கயித்தால கட்டி இழுத்துக்கினு போலாமான்னு கூட நெனைச்சா, கயித்தை எடுத்தா, கீழ போட்டா. யாருகிட்ட போய் சொல்றது? இன்னான்னு சொல்றது? கிணத்துல தண்ணி ஏறுது, வந்து காப்பாத்துங்கன்னா?

அஞ்சரை மணிக்கு எல்லா சத்தமும் நின்னுச்சி.

காக்கா கத்தலை. தூரத்துத் தறிச் சத்தம், காலையில இருந்து பொழுது வரைக்கும் காதுல விழற அந்த டக்கு டக்கு, அதுவும் கேக்கலை. பக்கத்து வேப்ப மரத்துல ஒரு எல அசையலை. பொழுது சாயற மஞ்ச வெளிச்சம் சுவத்து மேல தேன் மாதிரி வழிஞ்சிக்கினு இருந்துச்சி.

"தர்ஷினி," ன்னா மெதுவா. "பொழுது போவுதும்மா. ஒரு வாய் சாப்பிடு வா கண்ணு. ஒரே ஒரு வாய்."

தர்ஷினி கிணத்து மேடையில ஏறி, கைப்பிடிச் சுவத்துல மார்பைச் சாய்ச்சி, குனிஞ்சிக்கினு இருந்துச்சி. கனகமாலா ஓடிப்போயி இடுப்பைப் புடிச்சிக்கினா. அப்பதான் கிணத்தைப் பாத்தா.

ஒரு உறை கூட தெரியலை. தண்ணி விளிம்பு வரைக்கும் நின்னுச்சி. பச்சைத் தண்ணி. நடுவுல அவளோட வெள்ளைத் துணி விரிஞ்சி மெதந்துச்சி, தாமரை எல மாதிரி.

தண்ணியில வானம் தெரிஞ்சிது. வானத்தைச் சுத்தி தலைங்க தெரிஞ்சிது.

கிணத்தைச் சுத்தி யாரும் இல்ல. சுவரு, செம்பருத்தி, காலி டிரம்மு. தண்ணியில மட்டும், விளிம்பைச் சுத்தி நெருக்கமா, மானு, மானு, கொம்பு வெச்ச மானு, பன்னி, கறுப்பா அகலமா எருமை நெத்தி, அதுக்கும் மேல சாம்பலா ஒரு மலை. எல்லாம் குனிஞ்சி குடிக்குதுங்க. நடுவுல ஒரு சந்து விட்டு இருந்துச்சிங்க. ஒரு எட்டு வயசுப் புள்ள நிக்கற அளவுக்கு. தர்ஷினி அதுல பொருத்தமா நின்னுக்கினு இருந்துச்சி.

முன்பக்கம் பைக்கு சத்தம். நின்னுச்சி.

"கனகா?" ஆதீஷு குரலு. சீக்கிரம் வர்றேன்னவன், நெசமாவே வந்துட்டான். அவளுக்கு அழுகை வந்துச்சி. "கனகா, எங்க இருக்க? இன்னா வீடெல்லாம் இந்த நாத்தம்?"

செருப்பு கழட்டுற சத்தம். கூடத்துல காலடி. சமையக்கட்டுல காலடி.

"கனகா, இங்க எது..."

அவ்ளோதான். பாதி வார்த்தை. கத்தலை. எதுவும் விழலை. சமையக்கட்டுல ஒரு டம்ளர் உருண்டுச்சி. உருண்டு, உருண்டு, நின்னுச்சி.

தண்ணியில எல்லா தலையும் ஒண்ணா நிமிந்துச்சி.

காதெல்லாம் முன்னாடி மடங்குச்சி. மானு ஒத்தைக் காலைத் தூக்குச்சி, தூக்குனது தூக்குனபடி நின்னுச்சி. தர்ஷினியும் தலையைத் தூக்குச்சி. தாடையில தண்ணி சொட்ட, கண்ணு அகலமா, ஒத்தைக் காலு தரையை விட்டு எழும்பி. அதோட இடுப்பு இவ கைக்குள்ள கம்பியாட்டம் விறைச்சிது. எல்லாம் பாத்தது ஒரே எடத்தை. இவ முதுகுக்குப் பின்னாடி, வீட்டுப் பின்வாசலை.

குரங்கு இருமற மாதிரி ஒரு சத்தம். அது தர்ஷினி தொண்டையில இருந்து வந்துச்சி.

தண்ணி ஒரு தடவை கலங்குச்சி. தெளிஞ்சப்போ ஒரு தலையும் இல்ல. கனகமாலா கையில தர்ஷினியோட பாவாடை மட்டும் இருந்துச்சி. சூடா.

அவ திரும்பலை. திரும்ப முடியலை. காலடிச் சத்தம் இல்ல. மூச்சு மட்டும். மெதுவா. கிட்ட. காதோரத்து மயிரு அசைஞ்சிது.

அவ தண்ணியையே பாத்துக்கினு நின்னா. விளிம்பு வரைக்கும் நின்ன பச்சைத் தண்ணியில அவ முகம் தனியா தெரிஞ்சிது.

அதுக்குப் பக்கத்துல, அவசரமே இல்லாம, தண்ணி குடிக்க இன்னொரு முகம் எறங்குச்சி.